உறைந்தால் போதுமா? இரத்தப்போக்கை நிறுத்தும் மூலிகைகளைச் சோதிப்பது பற்றி

காட்டாமணக்கின் இலைக் காம்பை ஒடித்து, வழியும் பாலை வெட்டுக்காயத்தில் விடுவது நம் கிராமங்களுக்குப் பழகிய வைத்தியம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் அதே செடியின் பாலை அதே காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். நைஜீரியாவின் இலே-இஃபே நகரிலுள்ள ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓசோனியி, ஓனஜோபி இருவரும் இந்தப் பாலை மனித இரத்தத்தில் சேர்த்துப் பார்த்து, கண்டதை 2003இல் வெளியிட்டார்கள். பாலை அப்படியே சேர்த்தபோது இரத்தம் வழக்கத்தைவிட விரைவாக உறைந்தது. நீர்க்கச் செய்து சேர்த்தபோது உறைய அதிக நேரம் பிடித்தது. மேலும் மேலும் நீர்க்கச் செய்துகொண்டே போக, ஒரு கட்டத்தில் இரத்தம் உறையவே இல்லை. பிறகு கரைப்பான்களைக் கொண்டு பாலைப் பிரித்தார்கள். எத்தில் அசிடேட்டில் இறங்கிய பகுதி, குறைந்த செறிவில் உறைவைத் தூண்டியது. பியூட்டனாலில் இறங்கிய பகுதியோ உறைவைத் தடுப்பதில் முன்னின்றது.

அதே பேரினத்தைச் சேர்ந்த ஜட்ரோஃபா காசிப்பிஃபோலியா இன்னும் விசித்திரமானது. 2005இல் நைஜீரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளில் ஒன்று, அதன் தண்டுப் பால் எப்படி இரத்தப்போக்கை நிறுத்துகிறது என்று ஆராய்ந்தது. மற்றது, அதன் இலைச் சாற்றை ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரி உறையாமல் காக்கும் பொருளாகப் பயன்படுத்தலாமா என்று பார்த்தது. ஒரே செடியின் இரு பாகங்கள் நேரெதிரான வேலைகளுக்கு அழைக்கப்பட்டன.

மூலிகையை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் இத்தகைய முடிவுகளைத் தத்தம் வசதிக்கு எடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் குழப்பம் செடியில் மட்டும் இல்லை, நாம் கேட்கும் கேள்வியிலும் இருக்கிறது. இந்தச் சாறு இரத்தத்தை உறைய வைக்கிறதா என்பது ஒரு கேள்வி. இந்தச் சாறு காயத்தில் இரத்தப்போக்கை நிறுத்துகிறதா என்பது வேறொரு கேள்வி. மூலிகை ஆய்வுகள் பல, முதல் கேள்விக்குச் சோதனைக்குழாயில் விடை தேடிவிட்டு, இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக எழுதி முடிக்கின்றன. இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தால்தான் எந்தச் செடி உண்மையில் உதவும், எதை நம்பிக் காயத்தில் வைக்கலாம் என்பது பிடிபடும்.

உறைதலும் நிற்றலும்

தோல் வெட்டுப்பட்டதும் உடல் அடுத்தடுத்து மூன்று வேலைகளைத் தொடங்குகிறது. அறுபட்ட இரத்தக் குழாய் சுருங்குகிறது. கிழிந்த குழாய்ச் சுவரில் வெளிப்படும் கொலாஜன் இழைகளில் தட்டணுக்கள் வந்து ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, ஓட்டையை அடைக்கின்றன. அதன் பிறகே உறைகாரணிகள் எனப்படும் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, இறுதியில் த்ராம்பின் என்ற நொதியை உண்டாக்குகின்றன. த்ராம்பின், இரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்ற, அவ்விழைகள் தட்டணு அடைப்பின் மேல் வலையாகப் பின்னி அதை உறுதியாக்குகின்றன.

சிறு காயத்தில் இரத்தம் நிற்பது பெரும்பாலும் முதல் இரண்டு வேலைகளால். டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் 1910இல் ஒரு எளிய சோதனையை விவரித்தார். காது மடலில் சிறு கீறல் போட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றி எடுக்க வேண்டும். நலமானவருக்கு ஐந்து நிமிடத்துக்குள் தாளில் கறை படுவது நின்றுவிடும். அதே ஆளின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் வைத்தால் உறைந்து கட்டியாவதற்குப் பெரும்பாலும் அதைவிடக் கூடுதல் நேரமாகும். குழாயில் இரத்தம் உறைவதற்கு முன்பே காதில் கசிவு நின்றுவிடுகிறது.

இரண்டும் வேறு என்பதற்கு நோயாளிகளே சான்று. ஹீமோஃபிலியா உள்ளவரின் இரத்தம் குழாயில் உறைய வெகுநேரம் ஆகும். ஆனால் டியூக் கீறலில் கசிவு பெரும்பாலும் வழக்கமான நேரத்திலேயே நிற்கும், ஏனெனில் அவருடைய தட்டணுக்களில் குறையில்லை. தட்டணுக்கள் வெகுவாகக் குறைந்தவருக்கு இது தலைகீழ். உறையும் நேரம் சரியாக இருக்கும், கீறலிலிருந்து கசிவு நிற்காது.

இன்னும் வலுவான சான்றைக் கண்ணாடி விரியன் தருகிறது. அதன் நஞ்சு பத்தாவது உறைகாரணியை நேரடியாகத் தூண்டுவதால், மிக மிக நீர்க்கச் செய்து சேர்த்தாலும் பிளாஸ்மாவைச் சில விநாடிகளில் உறைய வைக்கும். லண்டனில் மாக்ஃபர்லேனும் பார்னெட்டும் 1934இல், பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் நிற்காத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு இந்த நஞ்சின் நீர்த்த கரைசலை மேற்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார்கள். அதே நஞ்சு கடியின் வழியாக உடலுக்குள் போனால், நாளங்களெங்கும் உறைவைத் தூண்டித் தூண்டி ஃபைப்ரினோஜன் முழுவதையும் செலவழித்துவிடும். பிறகு உறைய எதுவும் மிஞ்சாது. ஈறிலிருந்தும் ஊசி குத்திய இடத்திலிருந்தும் இரத்தம் கசியும். நம் அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடியோடு வருபவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். குழாயில் இந்த நஞ்சைவிட வேகமான 'உறைவிப்பான்' கிடைப்பது அரிது. அதை யாரும் குருதி நிறுத்தும் மருந்தென்று உள்ளே செலுத்த மாட்டார்கள்.

சோதனைக்குழாய் எப்படி ஏமாற்றும்

ஆய்வுக்கூடத்தில் வழக்கமாக நடப்பதைப் பார்ப்போம். ஒன்பது பங்கு இரத்தத்துக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் சேர்க்கிறார்கள். சிட்ரேட், இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உறைவு தொடங்காது. சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, வைக்கோல் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் வைத்த சிறு குழாயில் 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவை விட்டு, த்ராம்போபிளாஸ்டினும் கால்சியமும் கலந்த வினைபொருளை 200 மைக்ரோலிட்டர் சேர்த்த கணமே ஸ்டாப் வாட்சை அழுத்துவார்கள். குழாயைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், சுமார் 11 முதல் 14 விநாடிக்குள், அதுவரை ஓடிக்கொண்டிருந்த திரவம் ஜெல்லியாகி நின்றுவிடும். ஆர்மண்ட் குவிக் 1935இல் வகுத்த புரோத்ரோம்பின் நேரச் சோதனை இதுதான். உறைவின் மற்றொரு பாதையை அளக்கும் ஏபிடிடி சோதனையின் முதல் வடிவம் 1953இல் வந்தது.

இந்தக் குழாயில் கடுக்காய்க் கஷாயத்தைச் சில துளிகள் விட்டால், விட்ட மாத்திரத்தில் பிளாஸ்மா கலங்கும். பழுப்பு நிறத் திப்பிகள் திரண்டு அடியில் இறங்கும். ஒளி ஊடுருவுவதை வைத்து உறைவைக் கணிக்கும் கருவியாக இருந்தால், கலங்கலைக் கண்டதும் 'உறைந்தது' என்று எண்ணைக் காட்டிவிடும். உண்மையில் அங்கே ஃபைப்ரின் வலை எதுவும் பின்னப்படவில்லை. கடுக்காயிலுள்ள டானின்கள், கைக்கு அகப்பட்ட புரதங்களையெல்லாம் பிடித்துத் திரித்துவிட்டன. தோலைப் பதப்படுத்தும் தொட்டியில் நடக்கும் வேதியியலும் இதுவே.

எது உண்மையான உறைவு, எது வெறும் திரிவு என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அதே சாற்றைச் சீரத்தில் விட்டுப் பார்க்கலாம். சீரம் என்பது உறைவு முடிந்தபின் மிஞ்சும் நீர்மம், அதில் ஃபைப்ரினோஜன் இருக்காது. சீரத்திலும் திப்பி திரண்டால், பிளாஸ்மாவில் கண்டதை உறைவு என்று சொல்ல முடியாது. அரை மணி நேர வேலைதான். இந்த ஒரு குழாயை வைக்காத ஆய்வின் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று படிப்பவர் திண்டாட வேண்டியிருக்கிறது.

ஏமாற்றும் வழிகள் வேறும் உண்டு. செடிச் சாறுகளில் கால்சியம் இருக்கும். சிட்ரேட் பிடித்து வைத்த கால்சியத்துக்கு ஈடாகச் சாற்றின் கால்சியம் வந்து சேர்ந்தால் பிளாஸ்மா தானாகவே உறையும். அது மூலிகையின் தனிக்குணமாகாது. சாறுகள் பல புளிப்புத் தன்மை கொண்டவை, அமிலத்தாலும் புரதம் திரியும். வடிகட்டாத சாற்றில் மிதக்கும் நுண்துகள்கள், கண்ணாடிப் பரப்பைப் போலவே பன்னிரண்டாவது உறைகாரணியைத் தூண்டும். ஏபிடிடி சோதனையிலேயே இதற்காகக் கயோலின் என்ற களிமண் தூளைச் சேர்ப்பது வழக்கம். ஆகவே வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் போதாது. சாற்றுக்குச் சமமான புளிப்பும் சமமான கால்சியமும் உள்ள, மூலிகை இல்லாத நீரோடும் ஒப்பிட வேண்டும்.

சாற்றுக்குள் வேலை செய்வது யார் என்று அறியவும் எளிய வழிகள் இருக்கின்றன. சாற்றைக் கொதிக்க வைத்த பிறகு வீரியம் போய்விட்டால் வேலை செய்தது ஒரு நொதியாக இருக்கலாம். கொதித்த பின்பும் குறையாவிட்டால் டானினையோ உப்பையோ சந்தேகிக்க வேண்டும். ஜெலட்டினைக் கலந்து டானின்களைத் திரட்டி வடிகட்டிய பிறகு வீரியம் போனால் டானின்தான் காரணம்.

துவர்ப்பின் வேலை

திரிவு வேறு, உறைவு வேறு என்று சொன்னதால் டானின் பயனற்றது என்று ஆகிவிடாது. காயத்தைப் பொறுத்தவரை புரதங்கள் திரிந்து ஒரு படலமாகிக் கசியும் வாயை மூடினாலே பாதி வேலை முடிந்தது. சித்த மருத்துவத்தில் குருதிப்பெருக்கடக்கி என்று பெயர் பெற்ற சரக்குகளில் துவர்ப்புச் சுவை உடையவை நிறைய. கடுக்காய், மாதுளை ஓடு, கருவேலம்பட்டை, ஆலம்பட்டை, மாசிக்காய் எல்லாம் டானின் மிகுந்தவை. மாசிக்காய் உண்மையில் காயே அல்ல. மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரக் கிளையில் குளவி முட்டையிடுவதால் புடைக்கும் கரணை அது, அதன் எடையில் பாதிக்கு மேல் டானின்தான். முடிதிருத்தும் கடையில் சவரக் கீறலில் தேய்க்கும் படிகாரம் தாவரமல்ல, கனிமம். ஆனால் அதன் அலுமினியம் செய்வதும் புரதத்தைத் திரிக்கும் வேலையே.

இந்த வழியில் சந்தைவரை போனது துருக்கியின் அங்காஃபெர்ட் என்ற மருந்து. அந்நாட்டு நாட்டார் மருத்துவத்திலிருந்து எடுத்த ஐந்து தாவரங்களின் சாறு அது: தைம், அதிமதுரம், திராட்சை, சிற்றரத்தை, நம் ஊட்டிப் பக்கம் உடம்பில் பட்டால் அரிக்கும் செந்தட்டி வகையின் மேற்காசிய உறவு. வெளிக்காயங்களிலும் பல் மருத்துவத்திலும் பயன்படுத்தத் துருக்கி சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. அங்காராவின் ஹாஜெத்தெபெ பல்கலைக்கழக இரத்தவியல் துறையைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட முடிவு, நம் விவாதத்துக்கே எழுதி வைத்தது போலிருக்கிறது. மருந்து பட்டதும் பிளாஸ்மாவில் புரத வலை உடனே தோன்றியது. சீரத்திலும் தோன்றியது. தனித்தனி உறைகாரணிகளின் அளவில் மாற்றமில்லை. ஃபைப்ரினோஜன் மட்டும் குறைந்தது, த்ராம்பின் நேரம் கூடியது.

கடைசி வரியை வழக்கமான அளவுகோலால் படித்தால், த்ராம்பின் நேரத்தைக் கூட்டும் பொருள் உறைவைத் தடுக்கும் பொருள். உண்மையில் ஃபைப்ரினோஜன் ஏற்கெனவே வலைக்குள் போய்விட்டதால்தான் சோதனைக்கு எதுவும் மிஞ்சவில்லை. சிவப்பணுக்களும் அந்த வலையில் சிக்கி ஒட்டிக்கொள்வதால் அடைப்பு கெட்டியாகிறது. உடலின் உறைவுப் பாதையைத் தொடாமலே வேலை நடப்பதால், உறைகாரணிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது உதவக்கூடும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. த்ராம்பின் நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த மருந்து முதல் படியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுத் துவர்ப்பு மூலிகைகளில் எத்தனை இப்படித் தவறான அளவுகோலால் தள்ளப்பட்டன, எத்தனை தவறான அளவுகோலால் தூக்கி வைக்கப்பட்டன என்பது திரும்பிப் பார்க்க வேண்டிய கணக்கு.

பால் வடியும் செடிகள்

பால் வடியும் செடிகளின் வழி வேறு. மைசூர் பல்கலைக்கழகத்தில் விஸ்வநாத்தின் ஆய்வுக் குழு எருக்கம்பாலையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த அஸ்கிளெபியஸ் குராசாவிகா போன்ற செடிகளின் பாலையும் 2005 முதல் தொடர்ந்து ஆராய்ந்தது. அந்தப் பாலில் பப்பாளிப் பாலின் பப்பெயினைப் போன்ற புரத நொதிகள் உள்ளன. அவை ஃபைப்ரினோஜனை வெட்டி, த்ராம்பின் செய்வதைப் போலவே உறையச் செய்கின்றன. இது டானினின் திரிவு அல்ல, மெய்யான உறைவு. இவ்வகை நொதிகளை முடக்கும் அயோடோஅசிட்டிக் அமிலத்தைச் சேர்த்ததும் அஸ்கிளெபியஸ் பாலின் வேலை நின்றுபோனது, அதனால் ஆள் யார் என்பதும் உறுதிப்பட்டது.

ஆனால் அதே நொதிகள் கொஞ்ச நேரம் கழித்து, தாங்களே உண்டாக்கிய ஃபைப்ரின் கட்டியை வெட்டிக் கரைக்கவும் தொடங்கின. உடலில் உறைவுக்கு த்ராம்பினும் கரைப்புக்கு பிளாஸ்மினும் தனித்தனியே இருக்க, இந்தப் பாலில் இரண்டு வேலையும் ஒரே நொதியிடம் இருக்கிறது. ஆகவே இவற்றைச் சோதிக்கும்போது எப்போது உறைந்தது என்று மட்டும் குறித்துவிட்டுக் குழாயைக் கழுவி வைத்துவிடக் கூடாது. கட்டி எத்தனை நேரம் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இலே-இஃபே ஆய்வைப் போலச் செறிவை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும் கட்டாயம். காயத்தில் விடும் பால், கசியும் இரத்தத்தோடு கலந்து நீர்த்துக்கொண்டேதான் போகும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும் என்பதையும் மறக்க முடியாது.

சோதிப்பது எதை?

நம் ஊரில் வெட்டுக்காயப் பூண்டு, கிணற்றடிப் பூண்டு என்று வழங்கும் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. வந்த ஊரெல்லாம் அது காயத்துக்கு மருந்தாகியிருக்கிறது. நாட்டு மருந்து என்ற பெயருக்குள் இப்படிப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவையும் உண்டு என்பது வெட்கப்பட வேண்டிய செய்தியல்ல. மக்கள் புதுச் செடியையும் எடுத்துச் சோதித்துப் பார்த்து ஏற்றிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

மக்கள் பயன்படுத்துவது எப்படி என்பதைக் கவனிக்க வேண்டும். நாலைந்து பச்சிலையைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்து, சக்கையையும் மேலே வைத்து அழுத்துகிறார்கள். ஆய்வுக்கூடத்திலோ இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனாலோடு மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சிய பசையை எடைபோட்டுச் சோதிக்கிறார்கள். பச்சிலையின் நொதிகள் உலர்த்தலிலும் சூட்டிலும் போய்விட்டன. பசையில் மிஞ்சுவது மெத்தனாலில் கரையும் பொருள்கள் மட்டுமே. சோதிக்கப்பட்டது மக்கள் பயன்படுத்திய பொருளே அல்ல. முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அது பச்சிலைச் சாற்றைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அழுத்தத்தின் பங்கையும் பிரித்தாக வேண்டும். சிறு காயம் ஐந்து நிமிடத்தில் தானாகவே நிற்கும், அழுத்திப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். காப்பித்தூளை அப்பினாலும் நிற்கும், மஞ்சள்தூளை அப்பினாலும் நிற்கும். உலர்ந்த தூள் நீரை உறிஞ்சி இரத்தத்தைக் கெட்டியாக்குவதும், மேலே வைத்த விரலும் அதில் பங்கு பெறுகின்றன. மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டணுக்கள் ஒன்றுசேர்வதைத் தடுக்கக்கூடியது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இருந்தும் மஞ்சள் வைத்த காயத்தில் இரத்தம் நிற்கிறது. 'வைத்தேன், நின்றது' என்ற அனுபவம் பொய்யல்ல. நிறுத்தியது எது என்பதை மட்டும் அந்த அனுபவத்தால் சொல்ல முடியாது.

ஏற்கெனவே வென்ற தாவரங்கள்

அறுவைச் சிகிச்சை அறைகளில் தாவரப் பொருள்கள் இடம்பிடித்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நோயியல் அறிஞர் வெர்ஜினியா நீலண்ட் ஃபிராண்ட்ஸ் 1940களில் ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ் காயத்தில் இரத்தத்தை நிறுத்தி, பின்னர் உடலிலேயே கரைந்துவிடும் என்று காட்டினார். அதன் வழித்தோன்றலான சர்ஜிசெல் 1960இல் வந்தது, இன்றும் புழங்குகிறது. அதன் அமிலத்தன்மை இரத்தத்தைக் கரும்பழுப்பு ஜெல்லியாக்குகிறது, இழைகள் தட்டணுக்கள் படிய இடம் தருகின்றன. உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து செய்த நுண்ணிய உருண்டைகளை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதித்தது. அவை இரத்தத்தின் நீரை உறிஞ்சிக்கொள்ள, தட்டணுக்களும் புரதங்களும் காயத்தில் நெருங்கிச் செறிகின்றன.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மூன்றாவது. ஸ்டான்ஃபோர்ட் என்ற ஆங்கில வேதியியலர் 1881இல் அதைப் பற்றி முதலில் எழுதினார். கால்சியம் ஆல்ஜினேட் இழை காயத்தின் ஈரத்தில் பட்டதும் தன் கால்சியத்தைக் கொடுத்து சோடியத்தை வாங்கிக்கொள்கிறது. விட்ட கால்சியம் உறைவுக்கு உதவ, இழை ஜெல்லாகிக் காயத்தை மூடுகிறது. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று மீனவப் பெண்கள் பறிக்கும் பாசி, ஆல்ஜினேட் எடுக்கும் வகையைச் சேர்ந்ததுதான்.

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. மூலிகை ஆய்வுகள் சலிக்காமல் தேடும் 'செயல்படும் வேதிப்பொருள்' என எதுவும் இவற்றில் இல்லை. செல்லுலோஸ், மாவுச்சத்து, பாசியின் பிசின் என எல்லாம் சாதாரணச் சர்க்கரைச் சங்கிலிகள். பொருளின் பரப்பும் உறிஞ்சும் திறனும் அயனிப் பரிமாற்றமும்தான் வேலை செய்கின்றன. மெத்தனால் சாறெடுக்கும்போது நாம் வடிகட்டி எறியும் சக்கையில் இருப்பவை பெரும்பாலும் இவையே. பச்சிலைச் சக்கையைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திய பாட்டிமார்களின் முறையைத் தனியே எடுத்துச் சோதிக்க இதுவே போதுமான காரணம்.

நிற்பதற்குக் கொடுக்கும் விலை

இரத்தத்தை நிறுத்துகிறது என்பதோடு ஆய்வு முடிந்துவிடாது. சீனாவின் யுன்னான் பையாவ் 1902இல் சூ ஹுவான்சாங் உருவாக்கிய புகழ்பெற்ற மருந்து. அதன் செய்முறை இன்றும் அரசு ரகசியம். அதன் முக்கியச் சரக்கான சான்சி வேரிலிருந்து டென்சிசின் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்து, இரத்தத்தை நிறுத்துவது இதுவே என்றார்கள். இதே அமிலத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராவ், அடிகா, சர்மா மூவரும் 1964இல் வேறோரிடத்தில் கண்டறிந்திருந்தார்கள், கேசரிப் பருப்பில். வறட்சிக் காலத்தில் அதையே உணவாக உண்டவர்களின் கால்களை முடக்கிய நரம்பு நஞ்சு அது. அந்தப் பருப்பின் விற்பனையை இந்தியா 1961இலேயே தடை செய்தது. அளவும் பயன்படுத்தும் வழியும் தெரியாமல் ஒரு பொருளை மருந்தென்றோ நஞ்சென்றோ முத்திரை குத்த முடியாது. 2013இல் ஹாங்காங் சுகாதாரத் துறை, பொட்டலத்தில் குறிப்பிடப்படாத நாபி வகை ஆல்கலாய்டுகள் இருந்ததால் யுன்னான் பையாவ் தயாரிப்புகள் சிலவற்றைத் திரும்பப் பெறவைத்தது. ரகசியச் செய்முறையின் விலை அது.

கனிமத் தூள் ஒன்றின் கதையும் இங்கே பாடமாகும். அமெரிக்க ராணுவம் வூண்ட்ஸ்டாட் என்ற களிமண் தூளை வாங்கியது. பன்றியின் தொடைத் தமனியில் 6 மில்லிமீட்டர் கிழித்து, 45 விநாடி இரத்தம் பீறிட விட்டு, பிறகு மருந்தை வைத்து அழுத்தும் கடுமையான சோதனையில் அது மற்றவற்றை முந்தியது. பின்னர் நடந்த விலங்கு ஆய்வில் அதன் துகள்கள் இரத்தக் குழாயின் உள்ளே போய் உறைகட்டிகளை உண்டாக்கியது தெரிந்ததும் ராணுவம் அதைக் கைவிட்டது. சர்ஜிசெல் கூட முதுகுத்தண்டின் அருகே விடப்பட்டு உப்பினால் நரம்பை அழுத்திக் கால் மரத்துப்போகச் செய்யும் என்று எச்சரிக்கை உண்டு. நம் பச்சிலைகளுக்கு முதல் ஆபத்து மண். இலையோடு ஒட்டி வரும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் காயத்துக்குள் போனால், நின்ற இரத்தத்தால் பயனில்லை.

மனிதர்களிடம் வரும்போது தேவைப்படும் பொறுமையை டிரானெக்சாமிக் அமிலம் காட்டுகிறது. இது மூலிகையல்ல. ஜப்பானில் உத்தாகோ ஒகமோத்தோவும் அவர் கணவரும் 1962இல் கண்ட பொருள். விபத்துக் காயத்தில் அது உயிர் காக்கும் என்று உறுதிசெய்த கிராஷ்-2 ஆய்வு, 40 நாடுகளில் 20,000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2010இல் வெளியானது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பது அடுத்த ஆண்டு தெரிந்தது. அதே மருந்தை உணவுப்பாதையில் இரத்தம் கசிபவர்களிடம் சோதித்த ஹால்ட்-இட் ஆய்வு 2020இல் வெளியானபோது உயிரிழப்பு குறையவில்லை, சிரைகளில் உறைகட்டி சற்றுக் கூடியது. ஒரு காயத்தில் வென்ற மருந்து இன்னொரு காயத்தில் வெல்லும் என்று யாரும் கணக்குப் போட முடியாது.

செய்யக்கூடியது

தமிழ்நாட்டின் மருந்தியல் கல்லூரிகளிலும் சித்த மருத்துவக் கல்லூரிகளின் குணபாடத் துறைகளிலும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் மூலிகைகளைச் சோதித்தவண்ணம் இருக்கிறார்கள். இத்தனை கைகள் இருக்கும்போது முறையை மட்டும் கொஞ்சம் மாற்றினால் கிடைக்கும் பலன் பெரிது. செடியை அடையாளம் காட்டி உலர்மாதிரியை ஒரு ஹெர்பேரியத்தில் வைப்பது, பச்சைச் சாற்றையும் சக்கையையும் சாறெடுத்த பசையையும் தனித்தனியே சோதிப்பது, சீரக் குழாயை ஒருபோதும் விடாமல் வைப்பது, செறிவை ஏற்றி இறக்குவது, உறைந்த கட்டி மறுநாள் வரை நிற்கிறதா என்று பார்ப்பது. இவற்றுக்குப் பெரிய நிதி வேண்டாம். தோற்ற செடிகளின் முடிவையும் வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கல்லூரியின் மாணவர் அதே செடியை முதலிலிருந்து தொடங்குவார்.

இந்தச் சல்லடையில் தேறிய ஒன்றிரண்டு சரக்கை, நஞ்சும் கிருமியும் இல்லையென்று உறுதிசெய்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு மனிதர்களிடம் முதலில் பார்க்கத் தகுந்த இடம் பல் பிடுங்கிய குழி. காயம் சிறியது, கண்ணுக்கு எட்டுவது, ஏதாவது தவறினால் கையால் அழுத்தி நிறுத்தக்கூடியது. பாதிப் பேருக்கு மருந்து நனைத்த பஞ்சு, பாதிப் பேருக்கு வெறும் பஞ்சு, யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும். பீறிடும் பெருங்காயத்துக்கு இன்றும் என்றும் முதலில் செய்ய வேண்டியது சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்தியபடி மருத்துவமனைக்குப் போவதுதான். அந்த அழுத்தமே எல்லா மூலிகைகளும் முந்திக் காட்ட வேண்டிய போட்டியாளர். வெறும் பஞ்சையும் விரலையும்விட இந்தச் சரக்கு எத்தனை நிமிடம் முந்தியது, மறுபடி கசிந்தவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற இரண்டு எண்களைச் சொல்லாத ஆய்வு, சோதனைக்குழாயில் எவ்வளவு அழகாக உறைய வைத்திருந்தாலும், இரத்தப்போக்கை நிறுத்தும் மூலிகை ஒன்றைக் கண்டதாகச் சொல்லிக்கொள்ள உரிமை பெறாது.